துரைக்குச் சேணம் கட்டிய கதை

கலியாணம் பேசும் காலத்தில் ஆண்கள் சொல்லும் பொய்களில் முக்கால்வாசி வாகனத்தைப் பற்றியவை. (மிச்சக் கால்வாசி உயரத்தைப் பற்றியவை.) சிநேகிதனின் மோட்டார் சைக்கிளைத் தன்னுடையது என்றவர்கள் இருக்கிறார்கள். மச்சானின் வான் வண்டியில் சாய்ந்து நின்று படமெடுத்து அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படி இரவல் தரவும் ஆளில்லை. அதனால் நான் குதிரையில் கைவைத்தேன்.

நான் நெடுந்தீவுக்காரன். அந்த நாட்களில் எங்கள் தீவு மாப்பிள்ளைகளுக்கு ஒரு பொதுவான தலைவிதி இருந்தது. சாதகம் பொருந்தும், குடும்பம் பிடிக்கும், படத்தைப் பார்த்துப் பொம்பிளையும் ஓம் என்பாள். பிறகு பெண் வீட்டார் வீடு வளவு பார்க்கவென்று குறிகட்டுவானில் படகு ஏறுவார்கள். கடல் ஆட்டிய ஆட்டத்தில், எங்கள் மாவிலித்துறையில் இறங்கும்போது அவர்களுடைய முகம் பச்சையாக இருக்கும். தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த படகில் திரும்பிவிடுவார்கள். எனக்கு வந்த சம்பந்தங்கள் எல்லாம் அந்தக் கடலிலேயே கரைந்துபோயின. சங்கக்கடையில் அரிசி நிறுத்துக்கொண்டே எனக்கு முன்தலை வெளித்துவிட்டது.

அப்போதுதான் புளியங்கூடல் கௌசல்யா வந்தாள். ஊர்காவற்றுறைப் பள்ளிக்கூடத்தில் ரீச்சர். தரகர் தொலைபேசி இலக்கம் வாங்கித் தந்தார், நாங்கள் கதைக்கத் தொடங்கினோம். கதைத்த இரண்டாம் நாளே, இவள் இல்லாவிட்டால் இனி எனக்கு ஒருத்தியும் வேண்டாம் என்ற முடிவுக்கு நான் வந்துவிட்டேன். (அவள் எந்த முடிவுக்கும் வரவில்லை. சரித்திரம் படிப்பிக்கிற ரீச்சர், ஆறுதலாகத்தான் முடிவெடுப்பாள்.)

ஒரு பின்னேரம் கேட்டாள்.

"நெடுந்தீவிலை குதிரையள் நிக்குதாமே. நீங்கள் ஏறி ஓடுறனீங்களோ?"

"ஓம்," என்றேன் நான். "சங்கக்கடைக்கே குதிரையிலைதானே போறனான்."

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுமுனையில் அவள், "அப்ப வரேக்கை பாக்கவேணும்" என்றாள்.

எங்கள் தீவில் குதிரைகள் இருப்பது உண்மை. எப்போதோ வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போனவை புல்வெளியில் கூட்டம் கூட்டமாக மேய்கின்றன. ஒருவருக்கும் சொந்தமில்லை, ஒருவரையும் மதிப்பதுமில்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஒன்று நின்றது. ஒரு கடும் கோடையில் தாய் செத்துப்போன குட்டியை என் அம்மா பால்மா கரைத்துக் கொடுத்து வளர்த்திருந்தார். துரை என்று பெயர். பெரியவனான பிறகும் கூட்டத்தோடு போவான், சாப்பாட்டு நேரத்துக்கு வந்து குசினி வாசலில் நிற்பான். "துரை சாப்பிட்டாரோ?" என்று கேட்ட பிறகுதான் அம்மா எனக்குச் சோறு போடுவார். துரையின் முதுகில் அதுவரை காகத்தைத் தவிர வேறொருவரும் ஏறியதில்லை.

சேணமும் வீட்டில் இருந்தது. என் அக்காவைக் கட்டிய அத்தான் டென்மார்க்கில் ஒரு குதிரைப் பண்ணையில் வேலை. அங்கே எறிய மனம் வராத சாமான் எல்லாம் பெட்டி கட்டி எங்களுக்கு வரும். பனிச் சப்பாத்து வந்தது. கம்பளிக் கையுறை வந்தது. ஒருமுறை பழைய சேணம் ஒன்றும் வந்தது. அம்மா அதைப் பின் விறாந்தையில் கவிழ்த்து வைத்தார், அந்தக் குழிக்குள் எங்கள் சிவத்தப் பேடு அடை கிடந்தது. நான் சேணம் எடுக்கப் போனபோது கையில் கொத்து வாங்கினேன். என் குதிரையேற்றத்தின் முதற் காயம் கோழியால் வந்தது.

அத்தானுக்கு வீடியோ அழைப்பு எடுத்து விசயத்தைச் சொன்னேன். மனிதர் துள்ளி எழும்பிவிட்டார். இத்தனை வருசத்தில் குடும்பத்தில் ஒருவர்கூட அவரிடம் அவருடைய வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"எப்பிடி ஏறுறது அத்தான்?"

"ஏறுறதைப் பேந்து பாப்பம். முதல்லை குளம்பைத் தூக்கு."

குளம்பைத் தூக்கினேன். துரை என் இடுப்புச் சாரத்தை வாயால் பிடித்து இழுத்தான். குளம்பா சாரமா என்ற நிலையில் நான் சாரத்தைத் தெரிவு செய்தேன். அத்தான் அங்கிருந்து கத்தினார். "பயந்தனீ எண்டு அவனுக்கு விளங்கப்படாது!" (படலைக்கு அந்தப் பக்கம் நின்ற ஆட்களுக்கே விளங்கிவிட்டது.)

அந்த மாதம் முழுக்க வேலை முடிந்து வந்ததும் இதுதான் எனக்குப் படிப்பு. தேங்காய்த் தும்பால் மயிர் போகும் பக்கமாகவே தேய்க்கவேண்டும். குளம்புக்குள் மாட்டிய கல்லைக் குதிப் பக்கமிருந்து நுனிப் பக்கமாகக் கிண்டி எடுக்கவேண்டும். முதுகில் போடும் துணியில் ஒரு சுருக்கம்கூட இருக்கக்கூடாது, இருந்தால் புண் வரும். சேணத்தைக் கழுத்துப் பக்கம் வைத்து மெல்லப் பின்னுக்கு இழுக்கவேண்டும், அப்போதுதான் மயிர் படியும். பிறகு வயிற்றுப்பட்டி.

"அதிலைதான் கவனம்," என்றார் அத்தான். "பட்டியை இறுக்கேக்கை மூச்சைப் பிடிச்சு வயித்தை ஊதி வைச்சிருப்பான். ஏமாந்திடாதை. கொஞ்சம் நடத்திப் போட்டு இன்னொருக்கா இறுக்கு. ஏற முதல் இன்னொருக்கா."

"நீங்கள் ஏறேக்கையும் அப்பிடித்தானோ?"

அத்தான் திரையில் கொஞ்சம் விலகிப்போனார். "நான் கட்டிக் குடுக்கிறனான். அவங்கள் ஏறுவாங்கள்," என்றார். பிறகு, "என்னை ஆரடா ஏத்திறது?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை.

ஆக, ஏறாத வாத்தியாரிடம் ஏறத் தெரியாத மாணவன் படித்து முடித்தேன். துரையும் கொஞ்சம் கொஞ்சமாக என்னைச் சகித்துக்கொண்டான். கழுத்தில் தேய்த்தால் கண்ணை மூடிக்கொண்டு என் தோளில் தாடையைச் சாய்ப்பான். அந்தப் பாரமும் சூடும் இப்போதும் தோளில் இருக்கிறது. மாப்பிள்ளை வேசத்துக்காகத் தொடங்கியவன், அந்த நேரத்துக்காக வேலையிலிருந்து ஓடி வரத் தொடங்கினேன். கடைசிக் கிழமையில் மதிலைப் பிடித்துக்கொண்டு ஏறியும் பார்த்தேன். அவன் நின்றான், நான் இருந்தேன். அதற்கு மேல் ஒருவரும் ஒன்றும் முயற்சிக்கவில்லை.

கௌசல்யா வீட்டார் வரும் நாளுக்கு முதல்நாள் தரகர் இரகசியம் சொன்னார்.

"தம்பி, பொம்பிளையின்ரை தேப்பனுக்கு விருப்பமில்லை. மகளின்ரை கரைச்சலுக்காகத்தான் வாறார். தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு, ஏலாது எண்டு மரியாதையாச் சொல்லிப்போட்டுப் போகத்தான் வாறார்."

எனக்கு நெஞ்சுக்குள் தண்ணீர் வற்றிவிட்டது. இனிக் குதிரைதான் கதி.

நெஞ்சுக்குள் மட்டுமல்ல, தீவெங்கும் தண்ணீர் வற்றிய கோடை அது. பவுசர் லொறியில்தான் குடிதண்ணீர் வரும். இப்படிப்பட்ட காலத்தில் எங்கள் ஊரில் ஒருவருக்குச் செய்யக்கூடிய ஆகப் பெரிய மரியாதை, வயிறு நிறையத் தண்ணீர் கொடுப்பது. அடுத்தநாள் காலையில் நான் வேட்டி கட்டிக்கொண்டு வந்தால், அம்மா துரைக்கு முன்னால் வாளியோடு நிற்கிறார். சேமித்து வைத்த நல்ல தண்ணீர், அதில் ஒரு சிட்டிகை உப்பு.

"காணும் அம்மா."

"நல்ல காரியத்துக்கு வெளிக்கிடுறார். வயிறாறக் குடிக்கட்டும்."

துரையும் மறுப்புச் சொல்லாமல் வாளி வாளியாகக் குடித்தான். நானும் நல்ல காரியம்தானே என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு சேணம் கட்டினேன். டென்மார்க் குதிரைக்குச் செய்த பட்டி எங்கள் குதிரைக்குப் பெரிது. பழகிய நாட்களில் அதில் புதுத் துளை போட்டுத்தான் இறுக்குவேன். அன்றைக்கோ, அதிசயம், பட்டி பழைய துளையிலேயே அளவெடுத்துத் தைத்ததுபோல் பிடித்துக்கொண்டது. இதுவும் ஒரு நல்ல சகுனம் என்று நினைத்தேன். உள்ளே இருப்பது துரை பாதி, தண்ணீர் பாதி என்று யோசிக்கவில்லை.

துறைமுகம்வரை அவனைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். திட்டம் இதுதான்: துறைமுகக் கட்டிடத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்பது, படகு வந்ததும் மதிலில் கால்வைத்து ஏறுவது, பத்தடி தூரம் கம்பீரமாக வருவது, இறங்குவது. படகு அணைந்தது. அத்தான் சொன்னதெல்லாம் ஞாபகத்தில் ஓடியது, ஏற முதல் இன்னொருக்கா இறுக்கு என்பது உட்பட. ஆனால் கௌசல்யா இறங்கிவிட்டாள். நீலச் சேலை. படத்தில் பார்த்ததைவிடக் கண் பெரிது. நான் இறுக்காமல் ஏறிவிட்டேன்.

துரை பத்தடி நடந்தான். நானே எதிர்பார்க்காத அளவுக்கு நன்றாக நடந்தான். கௌசல்யாவும் அவளுடைய அப்பாவும் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்பா கடல் ஒத்துக்கொள்ளாமல் தரகரின் தோளைப் பிடித்தபடி நின்றார். நான் மேலிருந்து, "வாங்கோ, பிரயாணம் எப்பிடி?" என்று கேட்டேன்.

அந்த இடத்தில் துரை நின்றான். கால்களைக் கொஞ்சம் அகட்டினான். பிறகு காலையில் குடித்ததையெல்லாம் இறக்கத் தொடங்கினான்.

குதிரை சலம் போவதை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன், அது ஒரு நீண்ட நிகழ்ச்சி. சத்தமும் உண்டு. படகிலிருந்து இறங்கிய சனமெல்லாம் மூட்டை முடிச்சோடு ஒதுங்கி நின்று பார்த்தது. மேலே இருக்கிற நான் எங்கே போவது? முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு, "இந்த வருசம் மழை குறைவு," என்றேன்.

அது முடிந்ததும் எனக்குக் கீழே எதுவோ இளகியது. கடல் இடப்பக்கமாகச் சரிந்தது. பிறகு கட்டிடம் சரிந்தது. உண்மையில் சரிந்தது நான்தான், சேணத்தோடு, மணிக்கூட்டு முள்ளைப்போல ஆறுதலாக. பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. சிரிப்பை மாற்றவும் நேரமில்லை. கடைசியில் சேணம் துரையின் வயிற்றுக்குக் கீழும், நான் நிலத்திலும், என் ஒரு கால் மட்டும் சேணத்தில் தொங்கும் இரும்பு வளையத்துக்குள்ளும் இருந்தோம்.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர்ப் பவுசர் வந்தது. றோட்டோரத் தொட்டியில் அது தண்ணீர் விடும் சத்தம் கேட்டதும், வயிறு காலியான துரை அந்தப் பக்கம் போனான். அவன் ஓடியிருந்தால் எனக்குக் கொஞ்சமாவது கௌரவம் மிஞ்சியிருக்கும், குதிரை வெருண்டு ஓடிவிட்டது என்று பிறகு சொல்லியிருக்கலாம். அவன் நடந்தான். சந்தைக்குப் போகிற ஆளைப்போல மெதுவாக, என்னைப் புழுதியில் இழுத்துக்கொண்டு, வெள்ளை வேட்டி மண்வேட்டியாகும்வரை நடந்தான்.

தொட்டியடியில்தான் காலை எடுக்க முடிந்தது. எழும்பியதும் எனக்கு ஒரே பயம், அவன் வயிறு வெட்டுப்பட்டிருக்குமோ என்று. பட்டியைக் கழற்றினேன். சேணத்தை எறிந்தேன். முதுகு, வயிறு, விலா எல்லாம் தடவிப் பார்த்தேன். குளம்புகளைத் தூக்கிப் பார்த்தேன். சாரத்தை இழுத்தவன் இப்போது ஒன்றும் செய்யாமல் காலைத் தந்தான். யாரோ கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது அப்போதுதான் தெரிந்தது. கௌசல்யா.

"எப்பவும் இப்பிடித்தான் இறங்கிறனீங்களோ?" என்று கேட்டாள்.

"இல்லை. இதுக்கு முதல் ஏறி ஓடினதேயில்லை."

"அப்ப போனிலை சொன்னது?"

"அது பொய்."

அவளுக்குப் பின்னால் ஒரு விசித்திரமான சத்தம் கேட்டது. அப்பாவுக்குக் குமட்டிக்கொண்டு சத்தி வருகிறதாக்கும் என்று பயந்துபோனேன். மனிதர் சிரிக்கிறார். தரகரின் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் ஓட, மூச்சு எடுக்க ஏலாமல் சிரிக்கிறார்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். நான் அந்த ஏலாது வருமென்று காத்துக்கொண்டு கதிரை நுனியில் இருந்தேன். அவர் என் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"அக்கா, நான் வேறை ஒண்டு சொல்லத்தான் வந்தனான். ஆனா இந்தப் பிள்ளையின்ரை பொய் துறைமுகத்தைத் தாண்டேல்லை. இப்பிடி ஒரு ஆளிட்டை மகளைப் பயமில்லாமல் குடுக்கலாம்."

கலியாணம் முடிந்து கௌசல்யா நெடுந்தீவுக்கே இடமாற்றம் எடுத்துக்கொண்டு வந்தாள். மாமா புளியங்கூடலில் இருந்து தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தொலைபேசி எடுப்பார். சுகமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. "எப்பிடி மருமோன், இண்டைக்கு விழுந்தனீரோ?" இதுதான் கேள்வி. "இல்லை மாமா," என்பேன். "பாத்து இரும்," என்று சொல்லிவிட்டு மகளிடம் கொடுக்கச் சொல்வார். பின்னால் மாமியின் குரல் கேட்கும்: "உங்களுக்கு வேறை வேலையில்லை, அந்தப் பிள்ளையை ஏன் வருத்துறியள்?" கைபேசியின் ஒலிபெருக்கியில் இதைக் கேட்டுக் கேட்டு, எனக்கு ஏதோ வலிப்பு மாதிரி விழும் வருத்தம் என்று நம்பிய பக்கத்து வீட்டு அக்கா ஒரு போத்தல் எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து தந்தார். எங்கள் மகள் பேசப் பழகியபோது அவளும் கைபேசியைக் காதில் வைத்து முதலில் கேட்டது அந்த "விழுந்தனீரோ"வைத்தான்.

துரை ஒரு மாரிக்குப் பிறகு கூட்டத்தோடேயே தங்கிவிட்டான். வெளிப் பக்கம் போகும்போது நான் கழுத்தில் தேய்ப்பேன், அவன் தாடையைச் சாய்ப்பான்.

மாமா போன வருடம் போய்விட்டார். அந்தியேட்டிக் கிரியை முடிந்து மனைவியையும் மகளையும் மாமிக்குத் துணையாக விட்டுவிட்டு நான் மட்டும் வேலைக்குத் திரும்பினேன். அன்று விளக்கு வைக்கிற நேரம் கைபேசி அடித்தது. மாமாவின் இலக்கம். மாமி பேசினார். மருமகனோடு நேரே நின்று நாலு வார்த்தை கதைத்தறியாத மனுசி.

"தம்பி, சாப்பிட்டீங்களோ?"

"ஓம் மாமி."

சுகம் விசாரிக்கத்தான் எடுத்தாராக்கும் என்று நினைத்து வைக்கப் போனேன்.

"இண்டைக்கு... விழுந்தனீங்களோ?"

அத்தனை வருடமும் இல்லை என்றே சொல்லி வந்தவன். அன்று அது வாயில் வரவில்லை.

"ஓம் மாமி," என்றேன்.

"அப்ப எழும்புங்கோ," என்றார் மாமி.