குளியலறையில் ஒரு கூழைக்கடா

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உங்கள் தங்கை நலம், எங்கள் குளியலறையும் பினாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவியதில் இப்போது நலம். அங்கே நீங்களும், எனக்குத் தங்கச்சி முறையான உங்கள் மனைவியும், பிள்ளைகளும் சுகமா என்று விசாரித்த பிறகுதான் சொந்தக் கதையை ஆரம்பிக்க வேண்டும் என்பது முறை. விசாரித்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எப்படியாவது புறப்பட்டு வந்து, உங்கள் தங்கையை எதிரே உட்கார வைத்து, மூத்தவர் என்ற உரிமையில் நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும். நான் சொன்னால் அவள் காதில் ஏறுவதில்லை. ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு செய்தே காலத்தை ஓட்டியவன் நான். நான் சொன்னால் ஒரு பிளாட்பாரமே பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடும். வீட்டில் ஒரு ஆள் திரும்பிப் பார்ப்பதில்லை.

மகள் கல்யாணமாகிப் போனதும் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது, பொழுது போகவில்லை என்றாள். ஏதாவது செய்யேன் என்று நான்தான் சொன்னேன். தையல் கற்றுக்கொள்வாள் அல்லது பூச்செடி வைப்பாள் என்று நினைத்துச் சொன்ன வார்த்தை அது. இவள் நேரே ஏரிக்கரைக்குப் போய், அடிபட்ட காட்டுயிர்களுக்கு வைத்தியம் பார்க்கும் மையத்தில் தொண்டராகச் சேர்ந்துவிட்டு வந்து நிற்கிறாள். முதலில் கூண்டு கழுவுவது மட்டும்தான் என்றாள். பிறகு துணி துவைப்பது என்றாள். பிறகு ஒரு நாள் சாயங்காலம் புத்தகப் பையோடு வந்து, "கால்நடை செவிலியர் படிப்பு இருக்காம். சேந்துட்டேன். வயசு வரம்பு இல்லையாம்" என்றாள். இருந்திருக்கக் கூடாதா, மச்சான்? வகுப்பில் எல்லாம் நம்ம மகளைவிடச் சின்னப் பெண்கள். இவளைப் பெரியக்கா என்று கூப்பிடுகிறார்கள். இவளுக்கு அதில் ஒரே பெருமை.

படிப்பை அங்கேயே வைத்துக்கொண்டால் எனக்கென்ன? வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். சமையலறை அலமாரிக் கதவில் பறவைச் சிறகின் எலும்புப் படம் ஒட்டியிருக்கிறது. சர்க்கரை டப்பாவை எடுக்கப் போனால் முழங்கை எலும்பைத் தாண்டித்தான் போக வேண்டும். நாய்க்குத் தொடையின் உட்புறம்தான் நாடி பார்ப்பார்களாம், பழக வேண்டும் என்றாள். நான் மறுத்துவிட்டேன். கட்டுப் போட்டுப் பழக மட்டும் சம்மதித்தேன், அதுதான் நான் செய்த தப்பு. ஒடிந்த சிறகை உடம்போடு சேர்த்துக் கட்டும் முறை என்று என் வலது கையை மடக்கி நெஞ்சோடு சுற்றிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து, "ஐயோ, கிளாஸுக்கு நேரமாச்சு" என்று ஓடிவிட்டாள். அந்தக் கோலத்தில் போய்க் கதவைத் திறந்தேன், எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். நான் மாடிப்படியில் விழுந்து தோள்பட்டை போய்விட்டதாகச் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி. ஆளுக்கொரு பை பழத்தோடு வந்து உட்கார்ந்து, அவரவர் வீட்டில் யார் யார் எப்படி விழுந்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னால், தைரியமாகப் பேசுகிறாரே பாவம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இவள் திரும்பி வந்து பார்த்தாள். வருத்தப்படுவாள் என்று பார்த்தால், "பழத்தை எல்லாம் திருப்பிக் குடுத்துடாதீங்க, மையத்துல வௌவால் இருக்கு" என்றாள்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். அந்தப் புயல் நாளைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லியாக வேண்டும். மையத்தில் நிரந்தரமாகப் பயிற்சியில் சேர ஒரே ஒரு இடம் இருந்தது. அதற்குக் கல்லூரியில் செய்முறைத் தேர்வு. அந்தத் தேர்வு, புயல் ஓய்ந்த மறுநாள் மதியம். இவள் வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டிவிட்டு, காலையிலிருந்து சிறகெலும்புகளைச் சாமி பெயர் மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கிளம்பலாம் என்று செருப்பை மாட்டும் சமயத்தில் வாசலில் வேன் வந்து நின்றது. மையத்து டிரைவர் கம்பளியில் எதையோ குழந்தை மாதிரி சுற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

"பெரியக்கா, ஏரி ரோடு மொத்தமும் தண்ணி. மையத்துக்குப் போக வழியே இல்ல. டாக்டரம்மா உங்க வீட்டுல எறக்கச் சொன்னாங்க."

கம்பளியை விலக்கினால் ஒரு கூழைக்கடா. மச்சான், தூரத்தில் தண்ணீரில் மிதக்கும்போதுதான் அது பறவை. நம் வீட்டுக் கூடத்தில் நிற்கும்போது அது ஒரு ஆள். மீன் பிடிக்கும் நைலான் நரம்பு ஒரு சிறகையும் காலையும் சேர்த்து இறுக்கியிருந்தது. அலகுக்குக் கீழே தொங்கும் பையில் தூண்டில் முள் ஏறியிருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தது. எங்கள் பழைய நிலைய மேனேஜர், ரயில் தாமதமானால் என்னால்தான் தாமதமானது போல ஒரு பார்வை பார்ப்பார். அதே பார்வை. "மேனேஜர் வந்துட்டார்" என்றேன். "பேர் வைக்கக் கூடாது, பேசவும் கூடாது. நம்ம குரல் கேட்டாலே அதுக்குப் பயம்" என்றாள். பேசித்தான் பிழைத்தவன் நான், என் வீட்டில் நான் பேசக் கூடாதாம்.

மையத்து டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். நரம்பு இறுகி ரத்த ஓட்டம் நின்றுவிட்டால் கால் போய்விடும், ரோடு எப்போது திறக்கும் என்று தெரியாது, நான் சொல்லச் சொல்ல நீங்களே எடுங்கள் என்றார் அவர். அதற்கு ஒருவர் பறவையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கூழைக்கடாவுக்கு மூக்குத் துவாரம் அடைபட்டிருக்குமாம், வாயால்தான் மூச்சு விடுமாம். அதனால் அலகை முழுக்க மூடிப் பிடித்தால் செத்துவிடும். நடுவில் ஒரு விரலை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். டிரைவர் அடுத்த பறவையை ஏற்றப் போய்விட்டார். மீதி இருந்தது நான்.

கல்லூரிக்குப் போகும் பாதை திறந்துதான் இருந்தது. அதை நான் அவளுக்குச் சொன்னேன், மச்சான். "நீ போ. டாக்டரம்மா என்கிட்ட சொல்லட்டும், நான் பண்றேன்" என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பறவையைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "உங்க கட்டிங் பிளேயரைக் கொதிக்கிற தண்ணியில போடுங்க" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, அலுத்துக்கொள்ளவில்லை.

குளியலறைத் தரையில் உட்கார்ந்தோம். அதன் கண்ணைத் துணியால் மூடி, அதை என் மடியில் இடுக்கி, ஆள்காட்டி விரலை அலகுக்குள் வைத்தேன். அதன் மூச்சு சூடாக என் விரலில் பட்டுப் பட்டுப் போயிற்று. மீன் நாற்றத்தைச் சொல்லி முடியாது. நகம் வெட்டும் கத்திரியால் அவள் நரம்பை ஒவ்வொரு சுற்றாக, இழுக்காமல், தூக்கித் தூக்கி வெட்டினாள். முள்ளைப் பின்னால் இழுத்தால் தோல் கிழியுமாம். அதை முன்னால் தள்ளி, மறுபக்கம் எட்டிப் பார்த்த கொக்கியை என் பிளேயரால் நறுக்கி, மீதியை வந்த வழியே உருவினாள். டாக்டரம்மா போனில், "அவசரப்படாதீங்க, அவசரப்படாதீங்க" என்றார். சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. இந்தக் கையா அந்தக் கை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒரு ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுகிறவள். என்னை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்து எழுந்தபோது கல்லூரியில் தேர்வும் முடிந்திருந்தது.

ரோட்டில் தண்ணீர் வடியும் வரை குளியலறை மேனேஜருடையது. நான் எதிர்வீட்டில் துண்டோடு போய் நின்று குளித்தேன். எங்கள் பிரிட்ஜில் பாலுக்குப் பக்கத்தில் மீன். தலைப்பக்கமாகத்தான் கொடுக்க வேண்டும், வால்பக்கமாகக் கொடுத்தால் செதில் தொண்டையில் குத்தும் என்று எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. டி.வி.யும் கிடையாது, ரேடியோவும் கிடையாது. வீட்டில் நாங்கள் இருவரும் கண்ணாலும் கையாலும் பேசிக்கொண்டோம். அப்படிப் பேசியதில் சண்டை குறைவாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

பிறகு மேனேஜரை மையத்துக்குக் கொண்டுபோய், காலில் தெம்பு வந்ததும், போன வாரம் ஏரிக்கரையில் விட்டார்கள். நானும் போயிருந்தேன், சும்மா காற்று வாங்க. கூடையைத் திறந்ததும் கொஞ்ச நேரம் நின்று சுற்றிப் பார்த்தது. அப்புறம் தண்ணீர்மேல் தடதடவென்று ஓடி எழும்பிப் போயே போய்விட்டது. என் மடியில் படுத்திருந்த ஜீவன், ஒரு தடவை திரும்பிப் பார்க்கும் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. இவளிடம் சொன்னேன். "திரும்பிப் பாத்திருந்தா நான் வேலையை ஒழுங்கா செய்யலைன்னு அர்த்தம்" என்றாள். வகுப்புப் பெண்களெல்லாம் அவளைக் கட்டிக்கொண்டார்கள். சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் அலமாரிக் கதவிலிருந்த சிறகுப் படத்தைக் கிழியாமல் பிரித்து, சுருட்டி, பரண்மேல் வைத்துவிட்டாள். எதற்கு என்று கேட்டேன். "இனி எதுக்கு?" என்றாள். இரவுச் சாப்பாட்டில் அவள் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்ளவில்லை.

ஆகவே மச்சான், இதுதான் சரியான சமயம். அவளே பாதி விட்டுவிட்டாள், மீதியை நீங்கள் வந்து விடவைத்துவிட வேண்டும். இந்த வயதில் இது என்ன ஆசை, வீட்டைப் பார், எங்கள் ஊருக்கே குடிவந்து பக்கத்தில் இரு என்று சொல்லுங்கள். கண்டிப்பாகச் சொல்லுங்கள். ரொம்பக் கண்டிப்பாக வேண்டாம், இரண்டு நாளாக முகம் சரியில்லை. ஆனால் சொல்லுங்கள். சர்க்கரை டப்பாவை இப்போது தாராளமாக எடுக்க முடிகிறது, இருந்தாலும் அந்தக் கதவு என்னவோ மொட்டையாக இருக்கிறது.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், உரிய வயதிலேயே படித்து முடிக்கட்டும். வீட்டில் எல்லோரும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டிக்கொள்ளும்,

உங்கள் தங்கையின் கணவன்.

பின்குறிப்பு: அண்ணா, நான்தான் எழுதறேன். மூணு நாள் முன்னாடி இதைத் தபால்ல போடச் சொல்லி என்கிட்டயே குடுத்தார், உறையை ஒட்ட மறந்துட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்துடாதீங்க. அன்னைக்கு எனக்கு மறுதேர்வு. மூக்குக் கண்ணாடி மாத்தப் போறேன்னு சொல்லிட்டு ரெண்டு நாள் காலையில கிளம்பிப் போனார். நேத்து கல்லூரியிலிருந்து தேர்வு அதிகாரி போன் பண்ணினார். "உங்க வீட்டுக்காரர் என் ரூம் வாசல்ல வந்து உக்காந்துட்டாரும்மா. மையத்து டாக்டர்கிட்ட சாட்சிக் கடிதம் வேற வாங்கிட்டு வந்திருக்கார். தேதி குடுக்கற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்னார், குடுத்துட்டேன்"னு சொன்னார். வீட்டுக்கு வந்தவர் வாயே திறக்கல, பழைய கண்ணாடியோடவே உக்காந்து பேப்பர் படிக்கிறார். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டாம். நீங்க பதில் போடறப்போ, அவர் கேட்ட மாதிரியே என்னை ரெண்டு வரி நல்லாத் திட்டி எழுதிடுங்கண்ணா. பாவம், படிச்சுட்டு நிம்மதியா இருப்பார்.