நாலு நாள் பொறுக்காத சூப்

குக்கரில் ஆவி அடங்குவதற்குள் மூடியோடு மல்லுக்கட்டும் ரகம் நான். அந்த அவசரத்தால் ஒரு நாட்டையே இழந்தேன். (சரி, மூன்று மாதம் மட்டும்.)

ஒரகடம் பக்கம் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், வியட்நாம் கிளைக்கு மூன்று மாதப் பயிற்சிக்குப் போவோர் பட்டியலில் என் பெயரும் இருந்தது. மானாம்பதியில் நெல் பயிரிடும் என் நைனா சம்மதிக்க வேண்டும். "புரட்டாசி முடியட்டும் பாப்பா, சொல்றேன்" என்றார். அந்த மாதம் முழுக்க அவர் கவிச்சி தொடமாட்டார். முட்டை பொரித்த கரண்டியைக்கூட வீட்டுக்குள் விடமாட்டார்.

மாதம் முடிய நான்கே நாள். எனக்கா பொறுக்கும்? அந்த ஊர்ச் சாப்பாடு பிடித்தால் ஊரும் பிடித்துவிடும் என்று நினைத்து, கம்பெனிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன வியட்நாம் ஓட்டலுக்கு அவரை இழுத்துப்போனேன்.

"'ஃபோ'ன்னு ஒரு சூப்பு நைனா. அரிசி நூடுல்ஸ், டோஃபு, காளான். சுத்த சைவம்" என்றேன், முப்பது வீடியோ பார்த்த ஞானத்தில். (சூப்பைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்தேனா? இல்லை.)

கிண்ணத்தோடு வந்த குச்சிகளைப் பார்த்து, "இன்னா பாப்பா, ஊதுவத்தி குட்த்துக்கீறான்?" என்றார் நைனா. ஸ்பூனில் தொடங்கியவர், கொஞ்ச நேரத்தில் கஞ்சி குடிப்பதுபோல் கிண்ணத்தையே தூக்கிவிட்டார்.

"சோக்கா கீது. இன்னொன்னு சொல்லு."

இரண்டாவதும் காலி. நான் மனசுக்குள் பாதி விமானம் ஏறிவிட்டேன்.

பிறகு இனிப்பு: உயரமான டம்ளரில் பச்சைப்பயறு, ஜவ்வரிசி, தேங்காய்ப்பால், மேலே ஐஸ். "பாயசத்துக்கு ஜலதோஷம் புட்ச்சிக்கும்டி" என்று சிரித்தார்.

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். பரிமாறிய பெண்ணைக் கூப்பிட்டேன். "சூப்பு எப்படி இவ்ளோ ருசி? எங்க நைனாவுக்குச் சொல்லுங்க." பட்டை, அன்னாசிப்பூ என்பாள், நம் வீட்டு மசாலாதானே என்று பெருமையடிக்கலாம் என்பது திட்டம்.

"கோழி எலும்பக் காலையிலேர்ந்து கொதிக்க வைப்போம்க்கா. எல்லா ஃபோவுக்கும் அதே சூப்புதான்."

நைனா டம்ளரை மெல்ல நகர்த்தி வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

பஸ் வாலாஜாபாத்தைத் தாண்டிய பிறகுதான், ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "நீ நல்லபடியா போய்ட்டு வரணும்னுதான் இந்த வாட்டி வேண்டிக்கினு வெரதம் இருந்தேன். நாலு நாள்ல நானே அனுப்பியிருப்பேன்."

விரதத்தை முதலிலிருந்து தொடங்கினார், ஐப்பசி முழுக்க. தீபாவளியன்று எங்களுக்குக் கறிக்குழம்பு, அவருக்குத் தயிர்சாதம். வேண்டுதல் முடியாமல் என்னை அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. கம்பெனி காத்திருக்கவில்லை. என் இடத்தில் வேறொருத்தி போனாள்.

இன்றும் ரசம் ஊற்ற வரும் அம்மாவைத் தடுத்து, "எலும்பு கீதா?" என்று கேட்பார் நைனா. எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பீரோவில் புடவைகளுக்கு அடியில் என் பாஸ்போர்ட், ஒரு முத்திரைகூட விழாமல், புத்தம் புதிதாகக் கிடக்கிறது.