நாலாம் மாடியில் மூச்சுச் சான்றிதழ்

மூச்சுத் திணறல் உள்ளவர்களின் துயர் துடைப்பதென்று அந்த அலுவலகம் பெருங்கருணையோடு தீர்மானித்தது. ஆகவே நுரையீரல் நலப் பிரிவை நாலாம் மாடியில் வைத்தது. அங்கேதான் காற்றோட்டம் நன்றாக இருக்குமாம்.

அடுப்புக்காரர் முப்பது வருஷம் பேக்கரி அடுப்பின் முன்னால் நின்று புகையும் மாவுமாகக் குடித்தவர். இப்போது பல் தேய்த்தாலே மூச்சு வாங்குகிறது. வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மெஷின் இலவசம்தான், மூச்சுச் சான்றிதழ் மட்டும் காட்ட வேண்டும். மகள் ஒரு கையில் அப்பாவையும் மறு கையில் பிளாஸ்டிக் ஸ்டூலையும் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

லிஃப்ட்காரர் மறித்தார். "சான்றிதழ் இருந்தாத்தான் லிஃப்ட்."

"அதை வாங்கத்தானே வந்திருக்கோம்."

"அது மேலே குடுப்பாங்கம்மா. போய் வாங்கிட்டு வாங்க, ராஜா மாதிரி ஏத்திட்டுப் போறேன்."

பத்துப் படிக்கு ஒருமுறை ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி மூக்கால் இழுத்து, சூடான காபியை ஆற்றுவது போல உதட்டைக் குவித்து மெல்ல ஊதினார். படிக்கு ஒரு தெய்வமாகக் கூப்பிட்டார். மூன்றாம் மாடியில் தெய்வங்கள் தீர்ந்துபோய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். "நாலு மாடியும் ஏறியா வந்தீங்க?"

"ஆமாங்கய்யா."

'நான்கு மாடி ஏறும் திடகாத்திரம் உடையவர்' என்று எழுதிக்கொண்டார்.

மகளுக்குப் பொறுக்கவில்லை. "ஏறாம கீழேயே இருந்திருந்தா?"

"விண்ணப்பதாரர் நேரில் வரலைன்னு எழுதுவோம். அதுக்குத் தனிப் படிவம் இருக்கும்மா."

"அப்போ யாருக்குத்தான் குடுத்தீங்க?"

அதிகாரி பெருமையோடு பட்டியலைக் காட்டினார். அறுபது பேர், அறுபதும் அலுவலக ஊழியர்கள். "நாங்களும் தினமும் மேலே வரணுமே. சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். இந்த வருஷத்துக்கு அவ்வளவுதான், மேல்முறையீடு வேணும்னா செவ்வாய்க்கிழமை வாங்க."

பிரிக்காத மெஷின் பெட்டி ஒன்றின் மேல் குமாஸ்தா காலை நீட்டியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை லிஃப்ட் பழுது. விடிந்ததும் புறப்பட்ட அடுப்புக்காரர் இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தபோது, கீழேயிருந்து அறுபது பேரும் கைப்பிடியைப் பிடித்தபடி வந்தார்கள். முன்னால் அதிகாரி, சட்டை நனைந்து, வாய் பிளந்து.

"பெரியவரே... அந்த ஸ்டூல்..."

ஸ்டூலில் இருந்தவருக்கு என்ன தோன்றியதோ, முதுகை நிமிர்த்திக்கொண்டார். "சான்றிதழ் இருக்குங்களா?"

"மேலே... மேசையில..."

"போய் எடுத்துட்டு வாங்க. ராஜா மாதிரி உட்கார வைக்கிறேன்."

படிக்கட்டே சிரித்தது. சிரித்தவர்களுக்கு மூச்சு முட்டியது. அடுப்புக்காரருக்கும் இருமல் பிடித்துக்கொண்டது. மகள் மூச்சு மருந்தை அவர் வாயில் அடித்துவிட்டு, "பாவம்ப்பா, எழுந்திரு" என்றாள்.

எழுந்து இடம் கொடுத்தார். "உதட்டைக் குவிச்சு ஊதுங்கய்யா. அவசரமில்லாம." கால் மணி நேரம் ஊதியபின் அதிகாரி கண் கலங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னிக்குத்தான் உங்க கஷ்டம் புரிஞ்சுது பெரியவரே. பின்னால நிறையப் பேர் வர்றாங்க, ஸ்டூல் இங்கேயே இருக்கட்டுமா?"

அடுப்புக்காரருக்கு மனசு இளகிவிட்டது. ஸ்டூலை விட்டுவிட்டு மகள் தோளில் சாய்ந்தே மீதியை ஏறினார். உச்சிப்பொழுதாகிவிட்டது.

நாலாம் மாடிச் சுவரில் பசை காயாத உத்தரவு ஒன்று இருந்தது: 'அலுவலர் நலன் கருதிப் படிக்கட்டில் ஸ்டூல் போடப்பட்டுள்ளது. சான்றிதழ் உள்ளவர்கள் மட்டுமே அமரலாம்.'

மேல்முறையீட்டின் முடிவும் தயாராக இருந்தது. அதிகாரி அதை அன்பாக மகள் கையிலேயே கொடுத்தார்.

'விண்ணப்பதாரர் சென்ற முறை ஸ்டூலுடன் வந்தார். இம்முறை ஸ்டூல் இல்லாமலே வந்துள்ளார். நல்ல முன்னேற்றம்.'