ஒன்பதாம் துண்டும் ஒரு லிட்டர் பாலும்

எட்டாம் வகுப்பு வரை படித்தவள் என்று நான் சொன்னது பொய். இரண்டாம் வகுப்பில் பாதி வரைக்கும்தான் போனேன். (அந்தப் பாதியிலும் மழை லீவுதான் அதிகம். நான் பிறந்த போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டின் மழை அப்படி.) பொய் சொன்னதற்காக நான் வெட்கப்படவில்லை. டீ போடுகிற வேலைக்கு எட்டாம் வகுப்பு கேட்டவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டரில் ஓடும் பாடங்களைத் தயாரிக்கிற ஒரு சிறிய ஆபீஸ். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். பெருக்கித் துடைத்து, இருபது பேருக்கு டீ போடுவது என் வேலை. தேயிலைக்காட்டில் பிறந்தவள் போடும் டீ என்பதால் எனக்கு அங்கே தனி மரியாதை. எங்கள் மகளின் நர்சிங் படிப்பு அந்தச் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள், பாடங்களைக் கவனிக்கும் லதா மேடம் என்னிடம் வந்தார்.

"செல்லச்சேச்சி, கேஸ் அடுப்புப் பாடத்துக்குத் தமிழ்ல ஒரு பெண் குரல் வேணும். எஸ்டேட்டுல புதுசா கேஸ் வாங்கினவங்களுக்கு. சேச்சி எட்டாங்கிளாஸ் அல்லே? பார்த்து வாசிச்சா மதி, அது போதும்."

மாட்டேன் என்றிருக்கலாம். அந்த 'எட்டாங்கிளாஸ் அல்லே' என் வாயை அடைத்துவிட்டது. வாசிக்கத் தெரியாது என்றால் பொய் வெளியே வரும், வேலை போகும். தலையை ஆட்டினேன்.

மேடம் விளக்கமும் சொன்னார். பல ஊர் ஆபீஸ்கள் சேர்ந்து பொதுவாக ஒரு சட்டம் வைத்துக்கொண்டார்களாம். பெயர் ஸ்டாண்டர்டு. பாடத்தைத் துண்டு துண்டாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு துண்டும் தன்காலில் நிற்க வேண்டும். அதன் மேல் பெயர், மொழி, யாருக்கானது என்று சீட்டு ஒட்டியது போல எழுதி வைக்க வேண்டும். அப்போதுதான் அந்தத் துண்டை யார் வேண்டுமானாலும் எடுத்து இன்னொரு பாடத்தில் வைக்கலாம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்காரருக்குப் புரிந்தது. அவர் நாகர்கோவில் பக்கம், இங்கே ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர்.

"எங்க கடைச் சால்னா மாதிரிட்டி. ஒரு அண்டா வச்சா பரோட்டாவுக்கும் ஊத்தலாம், இடியாப்பத்துக்கும் ஊத்தலாம்."

பத்துத் துண்டு, பத்துத் தாள். மகள் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. வீட்டுக்காரர்தான் எழுத்துக்கூட்டி வாசித்தார். ஒரு வாரத்தில் பத்தையும் மனப்பாடம் செய்தேன். ஒன்பதாம் தாளை வாசிக்கும்போது மட்டும் அவர் பாதியில் நிறுத்தி, "ஏட்டி, அடிப்பிடிக்குது, எந்திச்சுப் போய்ப் பாரு!" என்று கத்தினார். அன்று மீன் குழம்பு கரியானது. அந்த வரியும் பாடத்தோடு சேர்ந்து மண்டையில் ஒட்டிக்கொண்டது. அந்த இடம் வந்தால் பல்லைக் கடித்துத் தாண்டிப் போகப் பழகிக்கொண்டேன்.

பதிவு நாள். அடுப்பில் பாலைச் சிறு தீயில் வைத்துவிட்டு நின்றிருந்தேன். "சேச்சி, இப்பவே வரணும்" என்று கூப்பிட்டார்கள். போனேன்.

குரல் பதிவு அறையின் கதவு மூடியதும் உலகமே செத்துப்போனது மாதிரி இருந்தது. சத்தம் வருமென்று ஃபேனும் கிடையாது. காதில் மாட்டிவிட்டதில் என் மூச்சு எனக்கே காட்டுப்பன்றி உறுமுவது போலக் கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதிவு செய்கிற பிஜு உட்கார்ந்திருந்தான்.

"சேச்சி, ஏழாவது துண்டை முதல்ல எடுக்கலாம். அங்கன்வாடிப் பாடத்திலும் அதை வைக்கணும், அவங்க காத்திருக்காங்க."

எனக்கு எண் தெரியும் (பஸ் நம்பர் பார்த்துப் பழக்கம்), ஏழாம் தாளை எடுத்துவிட்டேன். ஆனால் என் மனப்பாடம் ஒரே கயிறு. ஆறின் வாலில்தான் ஏழின் தலையை முடிச்சுப் போட்டிருக்கிறது. நடுவில் தொட்டால் ஒன்றும் வராது. வேறு வழியில்லாமல் கண்ணை மூடி, உதட்டை மட்டும் அசைத்து, ஒன்றிலிருந்து ஆறு வரை சத்தமில்லாமல் சொல்லி முடித்தேன். கண்ணைத் திறந்தால் பிஜு கை கூப்பி நின்றான். நான் பிரார்த்தனை செய்கிறேனாம்!

"அப்புறம், சிலிண்டரை எப்போதும்..." என்று தொடங்கினேன்.

"சேச்சி, 'அப்புறம்' வேண்டா. துண்டு தனியா நிக்கணுமில்லே?"

அந்த ஒரு சொல்லை உருவியதும் மொத்தக் கயிறும் அவிழ்ந்துவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து ஆறு. மறுபடி பிஜு கும்பிட்டான். ஒருவழியாக ஏழு முடிந்தது. "இனி ஒன்பது" என்றான்.

ஒன்றிலிருந்து எட்டு வரை நடக்க வேண்டும். ஐந்தாவதில் ஒற்றைக் கண்ணை லேசாகத் திறந்து பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் மொத்த ஆபீஸும் நின்றது. முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். இருபது பேர் என் பொய்யைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு மாட்டினேன், மகளின் படிப்பும் போயிற்று என்று நினைத்தேன். வியர்வை மூக்கு நுனியிலிருந்து தாளில் சொட்டியது. எட்டு முடிந்ததா, ஒன்பது தொடங்கியதா என்றே தெரியவில்லை. வாயைத் திறந்தேன்.

"ஏட்டி, அடிப்பிடிக்குது, எந்திச்சுப் போய்ப் பாரு!"

வீட்டுக்காரர் குரலில், அவர் அதட்டலோடு, அப்படியே வந்தது.

ஸ்பீக்கரில் கேட்டதும் எல்லோரும் டீ போடும் அறையைப் பார்த்து ஓடினார்கள். அப்போதுதான் எனக்குப் பால் ஞாபகம் வந்தது. காதில் மாட்டியதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நானும் ஓடினேன். ஒரு லிட்டரும் பொங்கி, தீயை அணைத்து, கேஸ் மட்டும் உஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. புகை போக்கும் ஃபேனைப் போட முதலாளி சுவிட்சுக்குக் கை நீட்டினார்.

"சுவிட்சைத் தொடாதீர்கள்!" என்று அலறினேன். "விளக்கைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்!"

ஒன்பதாம் துண்டு. ஒன்று முதல் எட்டு வரை துணைக்கு இல்லாமல், 'அப்புறம்' இல்லாமல், தன்காலில் வந்து நின்றது. சொல்லிக்கொண்டே நானே ரெகுலேட்டரை மூடினேன். பிறகு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

"அறைக்குள்ள இருந்த சேச்சிக்கு எங்ஙனே தெரிஞ்சது?" என்று முதலாளி கேட்டார்.

"பிரார்த்தனை, சார்" என்றார் லதா மேடம். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். பாலை மறந்தது நான், வாசிக்கத் தெரியாதது நான் என்று இரண்டையும் சொல்ல வேண்டுமே. எட்டாங்கிளாஸ் ஞாபகம் வந்தது. கூரையைப் பார்த்துக் கை கூப்பினேன்.

அதோடு முடிந்திருந்தால் தேவலை. அந்தப் பொதுச் சட்டத்தில் சேர்க்க ஒவ்வொரு ஆபீஸும் தன் அனுபவத்தை எழுதி அனுப்பலாமாம். இவர்கள் எழுதினார்கள்: 'குரல் கொடுப்பவர் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் ஒரு நிமிடம் மௌனமாக இருக்க வேண்டும்.' மற்ற ஆபீஸ்களும் ஏற்றுக்கொண்டன. நன்றாக வாசிக்கத் தெரிந்த பெண்களெல்லாம் எந்தெந்த ஊரிலோ கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள், பாவம். இனி எங்கே மாட்டுவேனோ என்ற பயத்தில்தான் வீட்டுக்காரரிடம் நான் எழுத்துப் படித்தேன். இதை நானே எழுதுகிறேன், பத்து நாளாக.

எங்கள் வீட்டில் இப்போது பதில் தெரியாத கேள்வி கேட்டால் யாரும் திருதிருவென்று விழிப்பதில்லை. போன வாரம், கணக்குப் பரீட்சைத் தாளை எங்கே ஒளித்து வைத்தாய் என்று மகள் தன் பெண்ணை அதட்டினாள். குழந்தை கண்ணை மூடி உதட்டை அசைத்தது.

வீட்டுக்காரர் உடனே எழுந்து செருப்பைக் கழற்றினார். "சத்தம் போடாதட்டி. பிள்ளை ஸ்டாண்டர்டு பிடிக்குதுல்லா."

நானும் கை கூப்பினேன். வேறென்ன செய்வது?