நண்பருக்காகக் கேட்ட தோட்டா

இனிமேல் இந்த வீட்டுக்குள் இன்னொரு கைத்துப்பாக்கி நுழையாது என்று வெண்டல் ஹஃப்மன் மனைவி அர்லீனிடம் சத்தியம் பண்ணினார். பண்ணின நேரத்தில் உண்மையாகத்தான் பண்ணினார், பாவம். அப்போது ஊரில் எதுவும் விலைக்கு வந்திருக்கவில்லை.

ஒஹையோவில் துப்பாக்கி வைத்திருப்பது ஒரு பெருமையே இல்லை. தபால்காரர் வைத்திருக்கிறார், பாதிரியார் வைத்திருக்கிறார். வெண்டலின் சங்கதி வேறு. உலகமே கைகழுவிவிட்ட தோட்டாவைக் கேட்கிற துப்பாக்கியாகப் பார்த்துத்தான் அவர் மனசு போகும். தோட்டாவின் பெயரைச் சொன்னதும் கடைக்காரர் தலையைச் சொறிய வேண்டும். அப்படிச் சொறிந்தால் அது நல்ல துப்பாக்கி.

"எல்லாக் கடையிலயும் தோட்டா கிடைக்கிற நைன் எம்.எம். வச்சிருக்கறவனை எவனாவது திரும்பிப் பாக்கறானா?" என்பார். "என்னுதை உறையிலேர்ந்து எடுத்தா போதும். நாலு பேர் சுடறதை விட்டுட்டு வந்து 'அண்ணே, இது என்ன'ம்பான். சுட்டா கை உதறாது. காதைப் பொளக்காது. விலை மலிவு. முக்கியமா, தோட்டா கடன் குடுன்னு எந்த மச்சானும் வந்து நிக்க முடியாது."

"உங்ககிட்டயே தோட்டா இல்லையேங்க," என்பாள் அர்லீன்.

"அது வேற விஷயம்."

அந்த வேறு விஷயத்தால்தான் போன வருஷம் மானம் போயிற்று. கோடை முடிவில் துப்பாக்கிச் சங்கத்தில் பழந்துப்பாக்கிப் போட்டி நடக்கும். சுடுகிறவரைவிடத் துப்பாக்கிக்கு வயசு கூட இருக்க வேண்டும், அது ஒன்றுதான் விதி. வெண்டலிடம் அப்படி ஐந்து இருந்தன. ஐந்தையும் மினுக்கி வைத்திருந்தார். ஒன்றுக்கும் தோட்டா கிடைக்கவில்லை. கடைசியில் போட்டி முழுக்க எலுமிச்சை ஜூஸ் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றார். அர்லீனின் தம்பி டுவைட் அதை ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சொல்லிச் சிரிக்கிறான். இந்த வருஷமும் ஜூஸ் ஊற்றினால் வெண்டல் ஊரைவிட்டே போக வேண்டியதுதான்.

இப்படி இருக்கும்போது துப்பாக்கிக் கடை மெர்ல் ஒருநாள் காதோரம் வந்தார்.

"எபர்லி கிழவர் போயிட்டார்ல? அவர் சாமானெல்லாம் வியாழக்கிழமை பண்ணையில ஏலம். ஒரு முப்பத்திரண்டு இருபது இருக்காம்."

முப்பத்திரண்டு இருபது என்பது பஸ் நம்பர் இல்லை, ஒரு தோட்டாவின் பெயர்; அதைச் சுடுகிற துப்பாக்கிக்கும் அதே பெயர்தான். வெண்டலின் அப்பா வாலிபராக இருந்தபோதே அந்தத் தோட்டாவுக்கு வயசாகிவிட்டது.

"தோட்டா?" என்றார் வெண்டல்.

"போன மாசம்கூட வேலிப்பக்கம் நின்னு சுட்டுக்கிட்டிருந்தாரே மனுஷன். இல்லாமயா?"

வெண்டல் வீட்டில் பல் வலி என்றார். வியாழக்கிழமை டாக்டரிடம் போக வேண்டும் என்றார். அர்லீன் உச்சுக் கொட்டினாள். அவளுக்கும் அன்றைக்கு சர்ச்சில் தையல் கூட்டம் இருந்தது. எல்லாம் கடவுள் சித்தம் என்று வெண்டல் நினைத்துக்கொண்டார்.

ஏலத்தில் தொப்பியை மூக்குவரைக்கும் இழுத்துவிட்டு டிராக்டருக்குப் பின்னால் பதுங்கி நின்றார். ஏலக்காரரை எல்லோரும் கர்னல் என்பார்கள். ஏலம் போடுகிறவர்களுக்கு அங்கே அது பட்டம், அவர் பட்டாளத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ரிவால்வரைத் தூக்கிக் காட்டினதும் வெண்டல் கையைத் தூக்கினார். வேறு ஒருவரும் தூக்கவில்லை. யாருக்கும் வேண்டாத தோட்டாவின் அருமை அப்போதுதான் தெரியும். கையெழுத்துப் போட்டு, சாக்கில் சுற்றி, யார் கண்ணிலும் படாமல் ஓட்டமாக வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்து, கொட்டகையில் ஓட்ஸ் மூட்டைக்கடியில் செருகிவிட்டு, அப்பாடா என்று உட்கார்ந்தார்.

உட்கார்ந்த பிறகுதான் தோட்டா ஞாபகம் வந்தது. எழுந்து போய்க் கர்னலுக்கு போன் போட்டார்.

"இருந்துச்சேய்யா, ரெண்டு பொட்டி. கண்ணாடி ஜாடிங்க இருந்த அட்டைப்பெட்டியில அடியில கிடந்துச்சு. சில்லறைச் சாமான் வண்டியில கடைசியா போச்சு. நீர்தான் அதுக்குள்ள ஓடிட்டீரே."

"யார் வாங்கினாங்க?"

"உம்ம வீட்டம்மாதான். ஆளுக்கொரு பக்கம் நின்னீங்க. என்ன மனஸ்தாபமோன்னு நான் வாயத் திறக்கல."

வெண்டலுக்கு நிஜமாகவே பல் வலித்தது.

சாயங்காலம் அர்லீன் வந்தாள். சமையலறை மேஜையில் வரிசையாக ஜாடிகளை வைத்தாள். பக்கத்தில் ரெண்டு சின்ன அட்டைப்பெட்டி. வெண்டல் கூரையைப் பார்த்தார்.

"பல்லு என்னாச்சுங்க?"

"பிடுங்கணுமாம். இன்னொரு நாள். தையல் கூட்டம்?"

"நடந்துச்சு. ஜாடி குடுத்தாங்க."

சாப்பாட்டுக்குப் பன்றி இறைச்சி வறுவல். வெண்டல் முள்கரண்டியைத் தூக்கினார். அர்லீன் தட்டை இழுத்துக்கொண்டு உருளைக்கிழங்கு மசியலை முன்னால் வைத்தாள். "பல்லு வலிக்காரருக்கு இதெல்லாம் ஆகாதுங்க."

மசியலை விழுங்கிக்கொண்டே வெண்டல் யோசித்தார். தன்னைப் பார்த்திருப்பாளா? டிராக்டர் பெரிய டிராக்டர். பார்த்திருக்க மாட்டாள்.

"அந்தப் பொட்டி ரெண்டும் என்ன?" என்றார், சும்மா கேட்கிற மாதிரி.

"ஜாடிக்கு அடியில கிடந்துச்சு. ஏதோ தோட்டாவாம். நம்ம வீட்டுல யாருக்கு வேணும்? குளத்துல வீசிடலாம்னு இருக்கேன்."

"வீசாத."

"ஏங்க?"

"மீனு இருக்கு."

"அப்ப டுவைட்டுக்குக் குடுத்துடறேன்."

"அவன்கிட்ட அதுக்கான துப்பாக்கி இல்லையே."

"யாருகிட்ட இருக்கு?"

வெண்டல் இன்னொரு கரண்டி மசியலை வாயில் போட்டுக்கொண்டார்.

"ஒரு நண்பர்," என்றார் வெண்டல்.

"எந்த நண்பர்?"

"பேரைச் சொல்லக் கூடாது. வீட்டுக்குத் தெரியாம வாங்கினாராம்."

"அடப்பாவமே," என்றாள் அர்லீன். அவள் முகத்தில் நிஜமான இரக்கம் தெரிந்தது. "பொண்டாட்டிகிட்ட வாங்க மாட்டேன்னு சத்தியம் கித்தியம் பண்ணியிருந்தாரோ என்னவோ. இப்படிப்பட்ட ஆளுங்களும் இருக்காங்க பாருங்க."

"இருக்காங்க," என்றார் வெண்டல்.

பொட்டிகளை அவள் எடுத்துக்கொண்டு போனாள். எங்கே ஒளித்து வைத்தாள் என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாளே வெண்டல் மெர்ல் கடைக்கு ஓடினார். மெர்ல் தலையைச் சொறிந்தார். "கம்பெனிக்காரன் மனசு வந்தா அடுத்த வசந்தத்துல போடுவான். கூரியர்ல வரவழைக்கலாம்னா எவன்கிட்டயும் சரக்கு இல்ல. பக்கத்து ஜில்லாவுலயும் கேட்டுட்டேன். எபர்லி வீட்டுது ஒண்ணுதான் இருந்துச்சு. யாரோ ஒரு புத்திசாலி அமுக்கிட்டான்." வாழ்க்கையில் முதல்தடவையாக, நைன் எம்.எம். அவ்வளவு மோசமில்லையோ என்று வெண்டலுக்குத் தோன்றியது. தோன்றினதற்கே வெட்கப்பட்டார்.

வேறு வழியில்லாமல் நண்பருக்காகத் தூது போனார்.

"அவருக்கு ஒரு ஆறு தோட்டா குடுத்தா நல்லாயிருக்கும், அர்லீன். போட்டி வருது. போன வருஷம் ரொம்ப அவமானப்பட்டவர்."

"குடுக்கலாம். ஆனா சும்மா குடுத்தா அவர் மனசு சங்கடப்படுமே."

"படாது."

"மானஸ்தர்னா படும். ஒண்ணு பண்ணச் சொல்லுங்க. நம்ம விருந்தாளி ரூமையே அஞ்சு துப்பாக்கி அடைச்சுக்கிட்டிருக்கு. அதைக் கீழ் அறைக்கு இறக்கிட்டு என் தையல் மிஷினை மேல ஏத்தணும். உங்களுக்கு இடுப்பு வலி. அவரை வரச் சொல்லுங்க."

நண்பர் எப்படி வருவார்? வெண்டலே செய்தார். தையல் மிஷின் பழைய காலத்து இரும்பு. படிக்கட்டில் அவர் விட்ட முனகல் தெருவுக்குக் கேட்டது. அர்லீன் சுற்றிப் பார்த்து, "உங்க நண்பர் வேலை சுத்தம்" என்று ரெண்டு தோட்டாவைக் கையில் வைத்தாள். கூரைக் குழாயில் அடைத்திருந்த இலையை வாரினதற்கு இன்னும் ரெண்டு. அவளோடு அவள் அக்கா வீட்டுக்குப் போய், ஒரு தடவைகூட மணி பார்க்காமல் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்ததற்குக் கடைசி ரெண்டு. அதுதான் கஷ்டமான வேலை.

போட்டி நாளும் வந்தது. அர்லீன் பெரிய கைப்பையோடு கூடவே வந்தாள்.

"நண்பர் வரலையாங்க?"

"உடம்பு சரியில்லையாம். துப்பாக்கியை என்கிட்ட குடுத்துட்டார்."

"பாவம். உழைச்சு உழைச்சு உடம்பு போயிருக்கும்."

டுவைட் ஜூஸ் ஜாடியைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தான். "மாமா, உங்க வேலையை எடுத்து வச்சிருக்கேன்." வெண்டல் உறையிலிருந்து முப்பத்திரண்டு இருபதை எடுத்தார். அவர் சொன்னபடியே நாலு பேர் சுடுவதை விட்டுவிட்டு வந்தார்கள். ஆறு தோட்டாவையும் போட்டார். ஆறும் தகரத் தட்டில் போய்ப் பட்டன. கை உதறவில்லை, காதைப் பொளக்கவில்லை. டுவைட் ஜூஸைத் தானே குடித்தான். வெண்டலுக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல அவர் வெட்கப்படவும் இல்லை.

வெறும் பித்தளைக் கூடுகளை ஒவ்வொன்றாகத் தொப்பிக்குள் தட்டினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அர்லீன் பக்கத்தில் வந்தாள்.

"சுட்டு முடிச்சதை எதுக்குங்க பொறுக்கறீங்க?"

கல்யாணமான நாளிலிருந்து தோட்டாவின் நுணுக்கத்தைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. வெண்டலுக்குத் தலைகால் புரியவில்லை. ஊரே கேட்கிற மாதிரி விளக்க ஆரம்பித்தார். "இதுலதான் உசிரே இருக்கு. புதுக் கூடு எங்கேயும் கிடைக்காது. இது இருந்தா மருந்தும் ஈயமும் போட்டு மெர்ல் மறுபடி நிரப்பித் தந்துடுவார். இது இல்லைன்னா இந்தத் துப்பாக்கி சுத்தியலுக்குச் சமம்."

"ஒரு கூட்டை எத்தனை தடவை நிரப்பலாம்?"

"பக்குவமா சுட்டா இருபது தடவை வரும்." மனைவியின் அறிவை நினைத்து அவருக்கு நெஞ்சு நிறைந்தது. "நல்ல கேள்வி கேட்டே, அர்லீன்."

அர்லீன் தொப்பியை வாங்கி, ஆறு கூட்டையும் தன் கைப்பைக்குள் கவிழ்த்து, பையின் வாயைச் சாத்தினாள்.

"உங்க நண்பருக்கு உடம்பு தேறினதும் சொல்லுங்க, சமையலறைக்குப் பெயிண்ட் அடிக்கணும்."