அர்ச்சுனன் கயிறு

ஐப்பசி பிறந்தால் சங்கரன்கோவில் பக்கம் இரண்டு சத்தம் கேட்கும். ஒன்று இடி. மற்றொன்று, அதற்குப் பயந்து மக்கள் போடும் "அர்ச்சுனா, அர்ச்சுனா". இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கடை விரித்தார் இடிமுழங்கிச் சாமியார்.

அவருடைய கண்டுபிடிப்பு இது. இடிச் சத்தத்தில் நாம் கூப்பிடுவது அர்ச்சுனன் காதில் விழுவதில்லையாம். எனவே அவன் பெயரை மந்திரித்துச் சிவப்புக் கயிற்றில் ஏற்றிவிட்டார். கையில் கட்டிக்கொண்டால் மின்னல் அடையாளம் கண்டு விலகிப் போகும். மரத்தடியில் நிற்கலாம், வெட்டவெளியில் வேலை பார்க்கலாம்.

கூட்டம் அள்ளியது. புளியங்குடி எலுமிச்சை வியாபாரிகள் வந்தார்கள். சிவகிரி பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஒரு பட்டதாரி தன் பைக்குக்கும் சேர்த்துக் கயிறு வாங்கினார். படிப்பு வீண்போகவில்லை.

எல்லோரையும்விட அதிகம் மகிழ்ந்தவர் மக்காச்சோளப் பண்ணைக்காரர் மகாராஜன். இடி இடித்தால் வேலைக்காரப் பெண்கள் கரையேறிவிடுவார்கள், கதிர் ஒடிப்பது நின்றுபோகும். கயிறு கட்டிவிட்டால் அந்தத் தொல்லை இல்லையே! சாமியாரைக் காரோடு தோட்டத்துக்கே வரவழைத்து, தனக்கும் அத்தனை பேருக்கும் கட்டச் சொன்னார்.

அவர்களில் ஒருத்தி மாலா. போன வருசம் அவளுடைய அக்கா, மழைக்கு இதே தோட்டத்துப் புளியமரத்தடியில் ஒதுங்கி மின்னலுக்குப் பலியானாள். கயிறு இல்லாததால் வந்த வினை என்று சாமியார் சொன்னதும், மாலா அழுதுகொண்டே கையை நீட்டினாள்.

மேற்கே மலைப் பக்கம் கறுத்தது. அந்த வழியாக வந்த கிராம நர்ஸ் ஞானபூரணம் வண்டியை நிறுத்தினார். மின்னலில் சாகிறவர்களில் பெரும்பாலோர் வயலில் நின்றவர்கள், மரத்தடியில் ஒதுங்கியவர்கள். இடி கேட்டதும் கான்கிரீட் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும் என்று அவர் ஊர் ஊராகச் சொல்லி வருகிறார். காசு வாங்காமல் சொல்வதால் யாரும் மதிப்பதில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குள் போகும்படி இப்போதும் சொன்னார்.

"ஏட்டி, எங்க போறீய? அதான் கயிறு வாங்கிக் குடுத்திருக்கம்லா, கதிர ஒடிங்க" என்றார் மகாராஜன்.

ஞானபூரணம் சாமியார் பக்கம் திரும்பினார். "சாமி, மழை விடுத வரைக்கும் நீங்க அந்தப் புளியமரத்தடியில நில்லுங்க. நின்னு காட்டினா நானும் ஒரு கயிறு கட்டிக்கிடுதேன்."

தெய்வ சக்தியைச் சோதிக்கக் கூடாது என்று சாமியார் விளக்கத் தொடங்கினார். விளக்கம் முடியவில்லை. பளீரென்று மின்னல் வெட்டி, காது அடைக்க இடி விழுந்தது.

கயிற்றுத் தட்டு ஒரு பக்கம் பறந்தது, சாமியார் ஒரு பக்கம் பறந்தார். புளியமரத்தைச் சுற்றி வளைத்து, ஓலைக் கொட்டகையையும் தாண்டி, காருக்குள் விழுந்து கதவைச் சாத்தி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். பின்னாலேயே ஓடிய மகாராஜன் கண்ணாடியைத் தட்டினார். சாமியார் உள்ளிருந்தபடியே மகாராஜன் கையில் கட்டியிருந்த கயிற்றைச் சுட்டிக்காட்டினார். அர்ச்சுனன் வெளியே நிற்பவர்களுக்கு மட்டும்தான் போலும்.

பெண்கள் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். வரப்பில் வழுக்கி வழுக்கி மகாராஜனும் ஓடினார்.

மழை ஓய்ந்து, இடியும் அடங்கிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஞானபூரணம் அவர்களை வெளியே விட்டார். சாமியார் கண்ணாடியை விரற்கடை இறக்கி, உள்ளே எல்லோருக்காகவும் ஜெபித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். மாலா காரை ஒட்டி வந்து நின்றாள்.

"மரத்தடி ஆகாது, கார்தான் பத்திரம்னு உமக்குத் தெரிஞ்சிருக்குல்லா? எங்கள மட்டும் ஏன்வே அங்கன நிக்கச் சொன்னீரு?"

கண்ணாடி மறுபடி ஏறியது. கார் கிளம்பிப் போனது, பெண்கள் அறுத்தெறிந்த சிவப்புக் கயிறுகளை மிதித்துக்கொண்டு.

ஊராரே, நாளைக்கு இன்னொரு சாமியார் வருவார். அவர் வாய் சொல்வதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். ஆபத்து வந்தால் அவர் கால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள்.