மரத்தில் மீன் பிடித்த ஈ சார்

இந்த உலகத்தில் மரத்தில் மீன் பிடிக்கப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் ஈ சார்தான். தர்மபுரியில் ஏதோ ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி எங்கள் சித்தேரி மலைக்கு வருவார். தூண்டில் முள்ளில் சேவல் இறகையும் நூலையும் சுற்றி, அசல் ஈ மாதிரியே செய்து வைத்திருப்பார். என் கொல்லைக்குக் கீழே, புதருக்குள் ஓடும் ஓடையில் அதை வீசுவார். வீசக் கையை ஓங்கும்போதே அது பின்னால் போய்ப் புங்க மரத்தில் மாட்டும். மறுபடி வீசினால் மூங்கில். அதற்கும் மேல் வீசினால் என் முந்தானை.

"இன்னிக்கு மரத்துல எத்தன கிலோ கெடச்சதுங்க சார்?" என்பேன்.

"கிட்ட வந்துட்டேம்மா."

"மண்புழு கோத்தா ஒரு நிமிசத்துல கெண்ட மாட்டுங்க."

"புழுவ யாரு வேணா போடலாம்மா. மீனு என் ஈய நம்பணும்."

மூன்று வருடம் எந்த மீனும் நம்பவில்லை. பனி இறங்கினால் ஓடை பாதி தெரியும், சார் பாதி தெரிவார். கோலைப் பிடித்ததையே மறந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். களை எடுக்க வந்த நானும் களையை மறந்து நிற்பேன்.

போன தையில் ஒரு நாள் சொன்னார். "நாளைக்கு முட்டி ஆபரேஷன். இனிமே பாறையில கால் வைக்கக் கூடாதாம். இன்னிக்கு ஒண்ணாச்சும் மாட்டணும்மா."

சொல்லிவிட்டு வீசினார். புங்க மரம்.

எனக்குப் பொறுக்கவில்லை. சாமைக் கொல்லையில் நாற்பது வருடம் உண்டிவில்லால் குருவி விரட்டியவள் நான். என் கல் குறி தப்பியதில்லை.

"எதுக்குங்க கைய அம்புட்டுத் தூரம் வீசுறீங்க? ஈயப் புடிச்சுப் பின்னால இழுங்க. கோலு வளையட்டும். உண்டிவில்லாட்டம் வுடுங்க."

விட்டார். ஈ கிளைகளுக்கு அடியில் நுழைந்து, சத்தமில்லாமல் தண்ணீரில் உட்கார்ந்தது. தண்ணீர் ஒருமுறை சுழித்தது. விரல் நீளக் கெண்டை ஒன்று நூலில் துள்ளியது.

சார் கையை நனைத்து அதைப் பிடித்தார். முள்ளை எடுத்தார். ஓடையிலேயே விட்டுவிட்டார்.

"திருப்பி வுடுறதுக்கு என்னாத்துக்குங்க புடிச்சது?"

"நம்பிடுச்சேம்மா," என்றார். முழங்கால் தண்ணீரில் அப்படியே நின்றார். கரையேறும் எண்ணமே இல்லை.

மேலே ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. அன்றைக்கு அதுதான் கடைசி பஸ். நான் மேடேறிப் போய் அதன் முன்னால் நின்றுகொண்டேன்.

"யாருக்கு ஆயா நிக்கணும்?" என்றார் கண்டக்டர்.

"எங்க வூட்டு ஆளு ஒருத்தரு தண்ணியில நிக்கிறாரு. அவுரா ஏறி வரட்டும், கூப்புடாத," என்றேன்.